ஒரு பைப்பை ஒருமுறைதான் தாண்டலாம்

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் ஒருவர் என்னைக் கேட்டார்: "கோடுகள் அதிகம் வெட்டிக்கொள்ளாமல் படம் வரைவதெல்லாம் சரி. இதனால் யாருக்கு என்ன பயன்?"

நான் புத்தகத்தில் இருந்த பதிலைச் சொன்னேன். மின்சுற்றுகள், சில்லுகள், தகவல் வரைபடங்கள். அவர் தலையாட்டினார். பட்டம் கிடைத்தது.

நான் சொன்னது பொய். அந்தப் பயன்கள் உண்மைதான். ஆனால் நான் அவற்றுக்காக அந்த ஆராய்ச்சிக்குப் போகவில்லை. எங்கள் ஊரில் மண்ணுக்கு அடியில் ஓடும் தண்ணீர்ப் பைப்புகளைப் பார்த்துத்தான் எனக்கு அந்தக் கேள்வியே வந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். ஏசி அறையில் ஐந்து பெரிய மனிதர்கள் முன்னால் போர்வெல், கிணறு, வரப்பு என்று பேச நாக்கு எழவில்லை. அந்த வெட்கத்துக்காக இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். மேட்டு நிலம். போர் போட்டால் தண்ணீர் வரும் இடம் ஒன்று, நிலம் இருக்கும் இடம் வேறு. ஒருவர் பைப்பு இன்னொருவர் நிலத்துக்குள் போகாமல் விவசாயம் இல்லை. மூன்றடி ஆழத்தில் புதைத்த பைப்புகள் ஊர் முழுக்க ஓடுகின்றன. ஒரு பைப்பை இன்னொரு பைப்பு தாண்டுகிற இடம்தான் தலைவலி. அங்கே உடைந்தால் இரண்டு வீட்டுக்காரரும் மோட்டாரை நிறுத்த வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து தோண்ட வேண்டும். த்ரீ ஃபேஸ் கரண்ட் வருவதே சில மணி நேரம். அந்த நேரத்தில் மூன்றாவது வீட்டையும் நிறுத்தச் சொன்னால் கை நீளும். நீண்டிருக்கிறது.

அதனால் ஊரில் ஒரு கட்டு வைத்தார்கள். ஒரு பைப்புக்கு ஒரு தாண்டல். உன் பைப்பு ஒன்றைத் தாண்டிவிட்டால் இன்னொன்றைத் தாண்டக் கூடாது. உன் பைப்பை ஒருவர் தாண்டிவிட்டால் வேறு எவரும் தாண்டக் கூடாது. பின்னால் வந்தவர் ஓர் அடி மண் விட்டு அடியில் போக வேண்டும். தாண்டிய இடத்தில் ஒரு கல் நட வேண்டும். பால் சொசைட்டி செக்ரட்டரி வைத்திருக்கும் நோட்டில் பைப்பின் இரண்டு முனையையும் அந்தத் தாண்டலையும் எழுத வேண்டும். சட்டப் புத்தகத்தில் இது கிடையாது. ஆனால் ஊரில் இதை மீறியவரின் பைப்பு மறுநாள் காலையில் முழுசாக இருக்காது.

கணிதத்தில் இதையே புள்ளி, கோடு என்று சொல்வோம். கிணறும் தொட்டியும் புள்ளிகள். பைப்பு கோடு. ஒரு கோட்டை ஒருமுறைக்கு மேல் எதுவும் வெட்டாமல் மொத்தப் படத்தையும் வரைய முடியுமா என்பது கேள்வி. ஆறு புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் பதினைந்து கோடு. கஷ்டப்பட்டால் வரைந்துவிடலாம். ஏழு புள்ளி என்றால் இருபத்தொரு கோடு வேண்டும். ஒரு கோட்டுக்கு ஒரு வெட்டு என்ற கட்டுக்குள் ஏழு புள்ளிக்கு இருபதுக்கு மேல் போகவே முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு விஷயம். கோடுகள் வெட்டவே கூடாது என்றால், முடியுமா முடியாதா என்று கணினி சடுதியில் சொல்லிவிடும். ஒரு வெட்டு பரவாயில்லை என்று சலுகை கொடுத்துப் பாருங்கள். கேள்வி அப்படியே வெறி பிடித்துப் போய்விடும். எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற வேகமான வழி யாரிடமும் இல்லை. இருக்காது என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். புள்ளிகள் எல்லாம் ஓரத்தில் நின்றால் ஒரு வழி இருக்கிறது, சில கோடுகள் அசையாமல் நின்றால் வேறு வழி இருக்கிறது. இப்படிச் சின்னச் சின்ன மூலைகளில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். நான் ஏழு வருஷம் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, மடியில் காகிதம் வைத்துக் கோடு கிழித்துக்கொண்டு.

அப்பா போன பிறகு இரண்டு ஏக்கர் என் பங்குக்கு வந்தது. அப்பாவே எழுதி வைத்தது. பெரியப்பா மகனுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அண்ணன் முறை. என் நிலத்துக்கு மூன்று பக்கமும் அவர் நிலம். "தங்கச்சிக்கு எதுக்கு நிலம், வாத்தியார் சம்பளம் பத்தலையா?" என்று டீக்கடையில் கேட்டாராம். எனக்குச் செய்தி வந்தது. நான் கல்லூரியில் ஒரு வாரம் லீவு போட்டு நூற்றிருபது மாங்கன்று நட்டேன். அதுதான் என் பதில்.

ஏரிப் பக்கம் சாலை ஓரத்தில் என் துண்டு நிலம் ஒன்றில் போர் போட்டேன். தண்ணீர் வந்தது. அங்கிருந்து மாங்கன்றுக்குப் பைப்பு போட வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அண்ணனுடைய பைப்புகள் என் நிலத்தைச் சுற்றி வளைத்து ஓடின. ஏரிப் பக்கமாக ஒன்று வந்து அவருடைய தொட்டியில் சேர்ந்தது. என் பைப்பு போவதற்குத் தோதான இடம் அதைத் தாண்டுவதுதான். வரப்பு ஓரம். மண்ணும் இளக்கம். கேட்கப் போனேன். அவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா பாரு பாப்பா, அந்த லைன ஏற்கெனவே தாண்டியாச்சு. கல்லு நட்டிருக்குது பாரு."

எனக்கு வயது நாற்பத்தொன்று. இன்னும் பாப்பா.

"யாருங்கண்ணா தாண்டுனது?"

"ஏரிக்கரை மாமன். எங்கப்பா காலத்துலயே. நோட்டுல பாத்துக்க."

நோட்டில் இருந்தது. பெரியப்பா கையெழுத்தில் இருந்தது. ஏரிக்கரை மாமா என்பவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களுக்குச் சொந்தம் இல்லை, முறை வைத்துக் கூப்பிடுவது. அவரிடம் கேட்டேன். "எங்க நாயினா போட்ட பைப்பும்மா. தாண்டியிருக்குதுன்னு கல்லு சொல்லுது. நான் என்னாத்தக் கண்டேன்?" என்றார். அந்தக் கல் அவருக்கும் வசதிதான். அவர் பைப்பை இனி யாரும் தாண்ட முடியாது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கல்லைத்தான் காட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

தோண்டிப் பார்த்துவிடலாமே என்றேன். "கரும்பு நிக்குது. பைப்பு ஒடஞ்சா நீ வந்து கட்டுவியா?" என்று அண்ணன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கலெக்டர் ஆபீசுக்குப் போ என்று கல்லூரியில் சொன்னார்கள். போயிருக்கலாம். ஆனால் பைப்பு கிடக்கப்போவது அவர் வரப்பில். மனு கொடுத்துப் போட்ட பைப்பை அறுக்க ஒரு மண்வெட்டி போதும். ஊர்க்கட்டுக்கு உள்ளேயே வழி கண்டுபிடித்தால்தான் பைப்பு நிற்கும். அது என் வேலை. ஏழு வருஷம் அதைத்தான் செய்திருக்கிறேன். இந்த ஊரில் வேறு எவரைவிடவும் அது எனக்குத் தெரியும். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இருக்கக் கூடாதா?

ஆய்வில் எழுதிய கணினி நிரலை அப்படியே போட முடியாது. காகிதத்தில் கோட்டை இழுத்து எங்கே வேண்டுமானாலும் போடலாம். மண்ணில் கிடக்கும் பைப்பு நகராது. அதனால் சின்னதாக வேறு ஒன்று எழுதினேன். ஏற்கெனவே இருக்கும் பைப்புகள் நிலத்தைப் பல துண்டுகளாகப் பிரிக்கின்றன. தாண்டப்படாத பைப்பு திறந்த கதவு, ஒருமுறை போகலாம். தாண்டப்பட்ட பைப்பு சுவர். என் போர் இருக்கும் துண்டிலிருந்து என் நிலம் இருக்கும் துண்டுக்கு ஒரு கதவுக்கு மேல் திறக்காமல் போக வழி இருக்கிறதா? அதோடு, நோட்டில் எழுதியிருக்கும் தாண்டல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்றும் அது சரிபார்க்கும். செக்ரட்டரியிடம் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக ஏற்றினேன்.

நிரல் சொன்னது: வழி இருக்கிறது. ஒரு கதவைக்கூடத் திறக்க வேண்டாம். மேட்டுக் கிணற்றைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகலாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய சார்ட்டில் படம் வரைந்தேன். பைப்புகள் நீலம், என் பைப்பு சிவப்பு. காலையில் பால் ஊற்ற ஊரே சொசைட்டிக்கு வரும். அங்கே போய்ச் சுவரில் சார்ட்டை ஒட்டினேன்.

அண்ணன் பால் கேனோடு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஏம் பாப்பா, இந்தச் செகப்புக் கோடு எந்த வழியாப் போவுது?"

"கிணத்துக்குப் பின்னாடிங்க."

"கிணத்துக்குப் பின்னாடி எங்க ஊட்டு வாசலு. வாசலுக்கு அடியில ஒரு பைப்பு கெடக்குதே, அது எந்த ஊரு பைப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டைத் திறந்தேன். "மேட்டுக் கிணத்துல இருந்து தொட்டிக்கு ஒரு லைன்தானே?"

"ஒண்ணா? போர்ல இருந்து தொட்டிக்கு ஒண்ணு. கிணத்துல இருந்து தொட்டிக்கு ஒண்ணு. ரெண்டு. அப்பறம் போர்ல இருந்து கிணத்துக்குப் பாறை மேல ஒண்ணு ஓடுது. கண்ணு தெரியாதா? கிணத்துக்கும் போருக்கும் வித்தியாசம் தெரியல, டாக்டரு பட்டமாம்."

யாரோ பின்னால் இருந்து, "கழுத்து வலிக்கு ஊசி போடுவாங்களான்னு கேளுங்கப்பா" என்றார். செக்ரட்டரிகூடச் சிரித்தார். நான் சார்ட்டைக் கிழிக்காமல், ஒட்டிய டேப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். கிழித்தால் அழுதிருப்பேன்.

தப்பு என்னுடையதுதான். அந்தக் கிணறு நான் சின்ன வயதில் இருந்தபோதே வற்றிவிட்டது. நாற்பது தப்படி தள்ளி ஒரு போர் போட்டார்கள். போர்த் தண்ணீரை எடுத்துக் கிணற்றில் விட்டுத் தேக்குவார்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்: மேட்டுக் கிணறு. "மேட்டுக் கிணத்து மோட்டாரப் போடு" என்றால் போர் மோட்டாரைப் போட வேண்டும். "மேட்டுக் கிணத்துல எறங்காத" என்றால் அது கிணறு. நோட்டில் 'மேட்டுக் கிணறு, தொட்டி' என்று இரண்டு வரி இருந்தது. ஒன்று பெரியப்பா எழுதியது, ஒன்று அண்ணன் எழுதியது. ஒரே பைப்பைத்தான் இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு வரியை அடித்தேன். போருக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஓடுவது நோட்டில் ஏறவே இல்லை. வெளியூர்க்காரி ஒருத்தி வந்து கணக்கெடுத்திருந்தால் இரண்டு இடத்தையும் பார்த்து இரண்டு புள்ளி வைத்திருப்பாள். நான் அந்த வீட்டுப் பெண். அதனால் ஒரு புள்ளி வைத்தேன். மாணவர்களிடம் தினமும் கத்துகிறேன், புள்ளியை ஒழுங்காக வை, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று. எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

இரண்டு நாள் அந்தக் கோப்பையே திறக்கவில்லை. சாயங்காலம் கல்லூரி முடிந்து வந்து குடம் குடமாகக் கன்றுகளுக்கு ஊற்றினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெற்கு ஓரத்துக் கன்றுகள் இலையைச் சுருட்ட ஆரம்பித்தன. ஒரு கன்றுக்கு அரைக் குடம். நூற்றிருபது கன்று. தோள்பட்டை பிய்ந்துகொண்டு போனது. அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார். "இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். நான் நிமிரவில்லை.

மூன்றாம் நாள் கோப்பைத் திறந்து சரிசெய்தேன். கிணறு ஒரு புள்ளி. போர் ஒரு புள்ளி. தொட்டி ஒரு புள்ளி. அவர் வாயால் சொன்ன மூன்று பைப்பும் மூன்று கோடு. வழி இல்லை என்று வரும், வந்தால் கன்றைப் பிடுங்கிவிட்டுக் கொள்ளு விதைப்போம் என்று நினைத்துக்கொண்டுதான் நிரலை ஓட்டினேன்.

நிரல் வழி இல்லை என்று சொல்லவில்லை. என் பைப்பு வரைக்கும் அது வரவே இல்லை. கொடுத்த பட்டியலே பொருந்தவில்லை என்று முதல் படியிலேயே நின்றுவிட்டது.

நிரலில்தான் பிழை என்று நினைத்தேன். அடி வாங்கியவளுக்கு அப்படித்தான் தோன்றும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வரி வரியாகப் பார்த்தேன். பிழை இல்லை. கடைசியில் ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் வரைந்தேன். மூன்று புள்ளி, மூன்று கோடு, ஒரு முக்கோணம். என் தோப்பு அதற்கு உள்ளே. மாமாவின் பைப்பு ஏரிக்கரைக் கிணற்றில் தொடங்குகிறது, முக்கோணத்துக்கு வெளியே. அவர் நிலத்தில் முடிகிறது, அதுவும் வெளியே. நடுவில் ஒரே ஒருமுறை முக்கோணத்தின் ஒரு பக்கத்தை வெட்டுகிறது என்று கல் சொல்கிறது.

பென்சிலை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து மேசை இயற்பியல்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை சொசைட்டிக்குப் போனேன். சார்ட் எடுத்துப் போகவில்லை. மூன்று காலிப் பால் கேன்களைக் கேட்டு வாங்கி வாசலில் முக்கோணமாக வைத்தேன். கேனிலிருந்து கேனுக்கு மண்ணில் குச்சியால் ஆழமாகக் கோடு கிழித்தேன்.

"டீச்சருங்க இன்னிக்கு கோலம் போட வந்துட்டாங்க" என்றார் செக்ரட்டரி.

"ஆமாங்க. இது போரு, இது கிணறு, இது தொட்டி. போன வாரம் அண்ணன் சொன்ன மூணு பைப்பு. சரிங்களாண்ணா?"

அண்ணன் கேனைக் கீழே வைத்தார். "சரி. இப்பவாச்சும் தெரிஞ்சுதே."

"இந்தக் கிணத்து லைன யாராச்சும் தாண்டியிருக்காங்களா?"

"வாசலுக்கு அடியில எவன் தாண்டுவான்?"

"பாறை மேல ஓடுறத?"

"பாறையக் கொடஞ்சிக்கிட்டா போவாங்க? என்ன பாப்பா வெளையாடுற?"

"அப்போ தாண்டியிருக்கறது இந்த ஒரு பக்கத்த மட்டும். அதுவும் ஒருதரம்." ஏரிக்கரை மாமாவைப் பார்த்தேன். பால் ஊற்றிவிட்டுப் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். "மாமா, இங்க வாங்க. நீங்கதான் உங்க பைப்பு. கோட்டுக்கு வெளிய நில்லுங்க."

"என்னம்மா இது, பாண்டி ஆட்டமா?"

"நில்லுங்களேன்." நின்றார். "உங்க கிணறு வெளிய. இப்ப தாண்டுங்க." ஒரு காலைத் தூக்கி வைத்து உள்ளே வந்தார். "உங்க நிலமும் வெளியதான் இருக்குது. போங்க. ஆனா இன்னொருதரம் எந்தக் கோட்டையும் தாண்டக் கூடாது."

அவர் முக்கோணத்துக்குள் நின்று மூன்று பக்கமும் பார்த்தார். ஓர் ஓரத்துக்குப் போனார். நின்றார். இன்னோர் ஓரத்துக்குப் போனார். சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"தாண்டாம எப்பிடிம்மா போறது? பறக்கணுமா?"

"அதத்தான் மாமா நானும் கேக்கறேன். உங்க பைப்பு உள்ள வந்துச்சே, எப்பிடி வெளிய போச்சு?"

சிரிப்பு நின்றது. பால் அளக்கிற பெண்கூட அளவையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டே வழிதான். உங்க பைப்பு தாண்டவே இல்லைன்னா கல்லு பொய். இல்ல, ரெண்டு எடத்துல தாண்டியிருக்குதுன்னா நீங்க ஊர்க்கட்ட மீறியிருக்கீங்க. ஒருதரம் மட்டும் தாண்டறது நடக்காது. எந்தச் சாமி வந்தாலும் நடக்காது."

மாமா முகம் சிவந்துவிட்டது. பீடியைத் தூக்கி எறிந்தார். "எங்க நாயினா ரெண்டு எடத்துல தாண்டினாரா? யாரு சொன்னது? என் பைப்பு கட்டு மீறினதா?" தெலுங்கில் ஒன்று சொன்னார், அதை எழுத முடியாது. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "வாய்யா. இப்பவே தோண்டு."

"கரும்பு நிக்குது மாமா..."

"கரும்பாவது மண்ணாவது. வரப்புல இருக்குது கல்லு. என் ஊட்டு மானம் போவுது. நீ வர்றியா, நானே போய்த் தோண்டட்டுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "எங்கப்பன் நட்ட கல்லு அது. எங்கப்பன் பொய்க்காரனா?"

பெரியப்பா என்னைத் தோளில் உட்கார வைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனவர். அது அப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. இருந்தாலும் சொன்னேன்: "தெரியலைங்கண்ணா. கல்லுக்கு அடியில பாத்தாத் தெரியும்."

பத்துப் பதினைந்து பேர் பால் கேனோடே வந்தார்கள். மாமாவே கடப்பாரையைப் பிடித்தார். கல்லுக்கு இரண்டு பக்கமும் தோண்டினார்கள். மூன்றடியில் அண்ணனுடைய பைப்பு தெரிந்தது. அதைச் சுற்றிக் கையால் மண்ணை வழித்தார்கள். மேலே ஒன்றும் இல்லை. அடியில் தோண்டினார்கள். ஓர் அடிக்குக் கீழே சுக்கான் கல் வந்தது. கடப்பாரை பட்டுத் தெறித்தது. அந்த இடத்தை யாரும், எந்தக் காலத்திலும் தொட்டதில்லை. நீளவாக்கில் இரண்டு பக்கமும் ஓர் ஆள் நீளத்துக்குத் தள்ளித் தள்ளியும் பார்த்தார்கள். ஒரே ஒரு பைப்பு. அண்ணன் பைப்பு மட்டும்.

"எங்க நாயினா ஏரிக்கரையச் சுத்திக்கிட்டுத்தான் போட்டிருக்காரு" என்றார் மாமா. சந்தோஷமா வருத்தமா தெரியவில்லை. கட்டு மீறவில்லை என்பது சந்தோஷம். அவர் பைப்பும் இனி திறந்த கதவு, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது அவருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

பெரியப்பா ஏன் அந்தக் கல்லை நட்டார் என்று எனக்குத் தெரியாது. தன் பைப்பை யாரும் தாண்டக் கூடாது என்று நட்டிருக்கலாம். மாமாவின் அப்பாவும் அவரும் கலந்து பேசிச் செய்திருக்கலாம். இரண்டு பேரும் இல்லை. நிரலைக் கேட்டால், இது நடக்காது என்று மட்டும்தான் அது சொல்லும். யார், எதற்காக என்று சொல்லாது. எனக்கும் அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன்.

"குழிய மூடிடாதீங்கண்ணா. இங்கதான் என் பைப்பு போவணும். ஓர் அடி விட்டு அடியில போறேன். வரப்போடயே கொண்டுபோயிடறேன், கரும்பத் தொட மாட்டேன்."

"மாட்டேன்னா?"

"எதச் சொல்லி மாட்டேம்பீங்க?"

இவ்வளவு நாளும் கட்டு, கட்டு என்றவர் அவர்தான். அந்தக் கட்டு இப்போது என் பக்கம் நின்றது.

சுக்கான் கல்லைக் குடைய இரண்டு ஆள், ஒரு நாள் முழுக்க ஆனது. ஞாயிற்றுக்கிழமை பைப்பு ஒட்டினோம். பசை காயும் வரைக்கும் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "அந்தக் கல்லப் புடுங்கித் தூரப் போடு" என்றார்.

"இருக்கட்டுங்க. இப்பத்தான் அதுக்கு வேலை வந்திருக்குது" என்றேன். அதே இடத்தில் அதே கல்லை நட்டேன். அடியைக் கால் வைத்து மிதித்து இறுக்கினேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அவர் மகள் மட்டும் பிளஸ் டூ கணக்குக்குச் சந்தேகம் என்று வருவாள். சொல்லித் தருகிறேன். அவளோடு எனக்கு என்ன சண்டை?

செக்ரட்டரியிடம் நோட்டில் எழுதப் போனேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்னார் மக லைனுன்னு எழுதிக்கறேங்க டீச்சருங்க" என்றார்.

"ஏங்க?"

"எல்லாம் ஆம்பளைங்க பேருல இருக்குதுங்க. அப்பா பேரு போட்டா ஊருக்கு வெளங்கும்."

"அப்பா போட்ட பைப்பு இல்லைங்க இது. என் பேரப் போடுங்க. ஏரிப்பக்கத்துப் போரு, மாந்தோப்பு. ரெண்டு முனையையும் தனித்தனியா எழுதுங்க. அப்பறம் அந்த மேட்டுக் கிணறுன்னு இருக்கற வரியையும் பிரிச்சு எழுதிடுங்க. போரு தனி, கிணறு தனி. நாளைக்கு இன்னொருத்தி வந்து என்னாட்டம் ஏமாறக் கூடாது."

அவர் முனகிக்கொண்டே எழுதினார். பழைய வரியில் மாமாவின் தாண்டலை அடித்தார். அந்த இடத்தில் என் பெயரை எழுதினார்.

முப்பத்தொரு கன்று போய்விட்டது. தெற்கு ஓரம் முழுக்க. தண்ணீர் பத்து நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்கும். அதை நான் மன்னிக்கவில்லை. மிச்சம் எண்பத்தொன்பது நிற்கிறது. கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு வால்வு பக்கத்தில் நிற்பேன். முதலில் பைப்புக்குள் காற்று வரும், பிறகு செம்மண் கலங்கலாக வரும், பிறகு தெளியும். செத்த கன்றின் குழிகளில் மறுபடியும் நட்டுக்கொண்டிருக்கிறேன்.